கண்காணிப்புக்கு நடுவே கைப்பேசியைக் காத்துக்கொள்ளும் முறை

அமெரிக்க உளவு அமைப்பில் ஒப்பந்தப் பணியாளராக இருந்த எட்வர்ட் ஸ்னோடன் 2013-ஆம் ஆண்டு வெளிப்படுத்திய ஆவணங்கள், அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை கோடிக்கணக்கானோரின் அழைப்பு விவரங்களை, அதாவது யார் யாரிடம் எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்பதை, மொத்தமாகத் திரட்டி வந்ததைக் காட்டின. பேசிய சொற்கள் அதில் இல்லை. ஆனாலும் ஒருவரது வாழ்க்கையை அறிந்துகொள்ள அந்தப் பட்டியலே பெரும்பாலும் போதும்.

ஆகவே, இத்தகைய விவரங்களை மிகக் குறைவாகச் சேமிக்கும் சிக்னல் போன்ற செய்திச் செயலியை முதலில் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பிலும் செய்திகள் மறையாக்கம் செய்யப்படுகின்றன, அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றப்படுகின்றன என்றாலும், இணையச் சேமிப்பகத்துக்குச் செல்லும் காப்புப்பிரதிக்கு அதே பாதுகாப்பு இருக்கிறதா என்று அமைப்புகளில் சரிபாருங்கள். இதைக் கவனிக்காமல் விடுவது, கதவைப் பூட்டிவிட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்குச் சமம்.

இருப்பிட அனுமதியைத் தேவையற்ற செயலிகளிடமிருந்து திரும்பப் பெறுங்கள். ஆனால் ஜிபிஎஸ்ஸை அணைத்தாலும், கைப்பேசி எந்தக் கோபுரத்துடன் இணைந்துள்ளது என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரியும். இணையத் தொடர்பை வேறொரு நிறுவனத்தின் கணினி வழியாக அனுப்பும் விபிஎன் சேவை இதை மறைக்காது; இணையச் சேவை நிறுவனத்தின் மீதிருந்த நம்பிக்கையை விபிஎன் நிறுவனத்தின் மீது மாற்றுகிறது, அவ்வளவே.

பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள், பயனர் எதையும் தொடாமலேயே கருவிக்குள் நுழையக்கூடியது. மென்பொருள் புதுப்பிப்புகளை அன்றன்றே நிறுவுங்கள். செய்தியாளர்கள், வழக்கறிஞர்கள் போன்று குறிவைக்கப்படக்கூடியவர்கள் ஐபோனில் 2022 முதல் உள்ள, தாக்குதலுக்கு வழிதரும் வசதிகளைக் கட்டுப்படுத்தும் லாக்டவுன் பயன்முறையை இயக்குவது நல்லது. திரைப் பூட்டுக்கு நான்கு இலக்க எண்ணை விடுத்து, நீண்ட கடவுச்சொல்லை அமையுங்கள்.