பாகல் விதையை நேராக மண்ணில் போடாதீர்கள்

தைப்பட்டத்தில் பாகல், புடலை, பீர்க்கு போடுபவர்கள் விதையின் கூர்முனையை நகவெட்டியால் மிக லேசாகக் கிள்ளிவிட்டு, இரவு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, ஈரப் பருத்தித் துணியில் முடிந்து, அடுப்பங்கரையில் கதகதப்பான மூலையில் வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் தொட்டியில் விரற்கடை ஆழத்தில், முளை கீழ்நோக்கி இருக்கும்படி ஊன்றுங்கள்.

இவற்றின் மேலோடு கெட்டியானது. தண்ணீர் எளிதில் உள்ளே போகாது. தை, மாசிப் பனியில் மண்ணும் இரவில் குளிர்ந்துவிடுவதால் விதை முளைக்காமலே கிடந்து அழுகிப்போகும். துணியில் முளைகட்டினால் சொத்தை விதை எது என்பது தொட்டியை நிரப்புவதற்கு முன்பே தெரிந்துவிடும். பாக்கெட்டில் பத்துப் பன்னிரண்டு விதைதான் தருகிறார்கள் என்னும்போது இது பெரிய லாபம். சங்குப்பூ விதைக்கும் இதே வழிதான்; அதில் கூர்முனை இல்லை, உப்புத்தாளில் ஓரத்தைத் தேய்த்தால் போதும்.

முளையை நீள விடக் கூடாது. அரை அங்குலத்தைத் தாண்டினால் நடும்போது ஒடிந்துவிடும்.

தக்காளி, கத்தரி, கீரை, செண்டுமல்லிக்கு இந்தப் பாடு தேவையில்லை. அவரை, கொத்தவரையை இரவு முழுக்க ஊறவைத்தால் பருப்பு பிளந்து வீணாகும். இளஞ்சிவப்பு மருந்து பூசி வரும் விதையையும் ஊறவைக்காதீர்கள். மருந்து கரைந்துபோகும், அதை வெறுங்கையால் தொடவும் கூடாது.