பாதை தாவினால் நிரல் சொல்லாது: ஹோமோடோபி கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆறு சுழல்மூட்டுகள் கொண்ட ரோபோக் கையின் நுனியைக் குறித்த இடத்தில் குறித்த திசையில் நிறுத்துவதற்கான மூட்டுக் கோணங்களைக் கேட்டால், பொதுவாக அதிகபட்சம் 16 தீர்வுகள் உண்டு. கோவையில் என்னிடம் பயிலும் முதுநிலை மாணவர் ஒருவர் 16 வரிகள் கொண்ட விடைப்பட்டியலைக் கொண்டுவந்தார். நான்காம் வரியும் பதினோராம் வரியும் கடைசி இலக்கம் வரை ஒன்றாகவே இருந்தன. நிரலோ எந்த எச்சரிக்கையும் தராமல் முடிந்திருந்தது.

விடை தெரிந்த g என்ற சமன்பாட்டுத் தொகுதியை, t 0-இலிருந்து 1-க்கு நகர நகர, விடை வேண்டிய f ஆக மெல்ல உருமாற்றி, ஒவ்வொரு தீர்வையும் அதன் பாதையிலேயே பின்தொடர்வது அவர் பயன்படுத்திய ஹோமோடோபி முறை. ஆய்லர் அல்லது ரங்கே-குட்டா முறையால் அடுத்த புள்ளியை முன்கணித்து, நியூட்டன் முறையால் திருத்துகிறோம். இரண்டு பாதைகள் நெருங்கும் இடத்தில் படி நீளமாக இருந்தால், முன்கணித்த புள்ளி பக்கத்துப் பாதையின் ஈர்ப்புக்குள் விழுகிறது. நியூட்டன் அங்கேயே அழகாகக் குவிந்துவிடுகிறது; இதுவே தாவல். சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுபவர்களுக்கு இது உடனே விளங்கும்: அறுந்த பாவு நூலைப் பக்கத்து நூலோடு தவறி முடிந்துவிட்டாலும் தறி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

அந்த மாணவர் திருத்தத்துக்குப் பத்துச் சுற்றுகள் அனுமதித்திருந்தார். தாராளம் இங்கே நன்மை செய்யாது. இந்த முறையில் மிகுந்த கேடு விளைவிக்கும் அமைப்பு இதுவே என்பது என் கருத்து. இரண்டு, மூன்று சுற்றுகளுக்குள் குவியவில்லையென்றால் படியைப் பாதியாக்க வேண்டும். தொடர்ந்து ஐந்தாறு படிகள் தேறிய பிறகே இரட்டிப்பாக்கலாம். அப்படி மாற்றி ஓட்டியதும் பதினோராம் வரி தனி விடையாகப் பிரிந்தது. ஜேக்கோபியன் அணியின் (பகுதி வகைக்கெழுக்களாலான அணியின்) அணிக்கோவை சுழியாகாத ஒரு விடையில் இரு பாதைகள் முடிந்தால் தாவல் நடந்தது உறுதி. ஆனால் இரு பாதைகள் தம்முள் இடம் மாறிக்கொண்டால் பட்டியலில் அது தெரியாது. ஆகவே எந்தத் தொடக்கம் எந்த முடிவுக்குப் போனது என்பது முக்கியமானால், இறுக்கமான பிழைவரம்புடன் மீண்டும் ஓட்டி ஒப்பிட வேண்டும்.

மெய்யெண்களிலேயே நின்றுவிடுவது அடுத்த தவறு. x²−1-ஐ x²+1 ஆக நேராக மாற்றினால் x² = 1−2t என்றாகி, t = 1/2-இல் இரு தீர்வுகளும் 0-இல் மோதுகின்றன; அங்கே வகைக்கெழு 2x சுழி, நியூட்டனால் வகுக்க முடியாது. தொடக்கத் தொகுதியை மெய்யல்லாத ஒரு கலப்பெண் γ-ஆல் பெருக்கினால், t 1-ஐ எட்டும்வரை இந்த மோதலுக்கு இடமே இல்லை. பெரிய தொகுதிகளில் γ-வைத் தற்போக்காகத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான்.

முடிவிலிக்கு ஓடும் பாதையைத் தோல்வியென்று எண்ணிவிடக் கூடாது. xy = 1, xy + x = 3 என்ற தொகுதிக்குப் பெசூ எண் (சமன்பாடுகளின் அடுக்குகளின் பெருக்கற்பலன்; அத்தனை பாதைகள் தொடங்கும்) 4, முடிவுள்ள தீர்வு ஒன்றே; மற்ற மூன்று பாதைகளும் முறைப்படி முடிவிலிக்கே போகின்றன.

இரட்டைத் தீர்வில் முடியும் பாதையை நேரே t = 1 வரை இழுக்கவும் கூடாது. அங்கே விலகல் 1−t-இன் வர்க்கமூலத்தைப் போல் குறைவதால், 1−t 10⁻⁸ ஆன பிறகும் விடையில் 10⁻⁴ அளவு பிழை நிற்கிறது. அதற்குச் சற்று முன்பே நிறுத்தி, t = 1-ஐ மையமாகக் கொண்ட சிறு வட்டத்தில் கலப்பெண் t-யைச் சுற்றி வந்து, தொடங்கிய புள்ளிக்கே திரும்பும்வரை கிடைக்கும் மதிப்புகளின் சராசரியை எடுத்தால் விடை துல்லியமாகக் கிடைக்கும். எத்தனை சுற்றில் திரும்பியது என்பதையும் அந்த வரியருகே எழுதச் சொல்கிறேன். இரண்டு என்றிருந்தால், அங்கே இரு பாதைகள் சேர்ந்தது தாவலால் அல்ல.