பூட்டு வழுக்காத மடக்குக் கத்தி: லைனர் லாக் செய்யும் முறை

லைனர் லாக் என்பது, பிடியின் உள்தகட்டில் (லைனர்) வெட்டிய ஒரு நாக்கு, விரித்த பிளேடின் அடியில் வந்து முட்டி அதை மடங்காமல் பூட்டும் அமைப்பு. முதலில் கெட்டி அட்டையில் பிளேடையும் பிடியையும் முழு அளவில் வெட்டி, குண்டூசி குத்தி மடக்கிப் பாருங்கள். எல்லா அளவையும் பிவட் (பிளேடு சுழலும் அச்சு) துளையின் மையத்திலிருந்தே எடுக்க வேண்டும். விரித்தாலும் மடக்கினாலும் பிளேடின் அடிப்பாகம் ஒரே ஸ்டாப் பின்னில் (பிளேடைத் தடுத்து நிறுத்தும் ஊசி) வந்து முட்ட வேண்டும். மடக்கியபின் முனை பிடிக்கு வெளியே தெரியக் கூடாது. அட்டையில் சரியாக வராதது உலோகத்திலும் வராது.

தேவையானவை: 3 மி.மீ. பிளேடு எஃகு (1095 என்னும் உயர் கார்பன் எஃகு போதும்), லைனர்களுக்கு 1.5 மி.மீ. டைட்டானியம் தகடு இரண்டு, 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கல வாஷர் இரண்டு, பிவட், ஸ்டாப் பின், 1.5 மி.மீ. பேரிங் குண்டு ஒன்று. இரு லைனருக்கும் நடுவிலுள்ள இடைவெளி, பிளேடும் வாஷர்களும் சேர்ந்த 3.6 மி.மீ. லைனர்களை விலக்கிவைக்கும் பின்பக்க ஸ்பேசர் அதைவிட மெல்லியதானால் திருகை முடுக்கியதும் பிளேடு இறுகிவிடும். தடித்தால் பக்கவாட்டில் ஆடும்.

இரு லைனரையும் ஒட்டிவைத்து ஒன்றாகத் துளையிடுங்கள். பிவட் துளையை 4.5 மி.மீ. டிரில்லில் போட்டு, பிவட் அளவுக்கு ரீமரால் விரிப்பது நல்லது. வெறும் டிரில் போட்ட துளை முழு வட்டமாக வராது. பின்னால் வரும் ஆட்டத்துக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

பூட்டு நாக்குக்கு வெட்டுக்கோடு போடும் முன், கோடு முடியும் இடத்தில் 2 மி.மீ. துளை இடுங்கள், இல்லையெனில் அங்கிருந்து விரிசல் கிளம்பும். டைட்டானியத் தூள் தீப்பிடிக்கும். எஃகு தீப்பொறி பறக்கும் இடத்தில் அதைச் சேரவிடாதீர்கள்.

நாக்கில் பதிக்கும் பேரிங் குண்டுதான் மடக்கிய பிளேடைப் பிடித்துவைக்கும். அதற்கான குழியை, எஃகைச் சூடேற்றிக் கடினமாக்கும் முன்பே பிளேடில் போட்டுவிட வேண்டும். ஸ்டாப் பின்னுக்குப் பதில் சற்று மெல்லிய ஊசியைச் செருகி, பிளேடை 0.2 மி.மீ. அளவு கூடுதலாக உள்ளே தள்ளிக் குறியுங்கள். அப்போதுதான் குண்டு குழியின் விளிம்பில் உட்கார்ந்து பிளேடை உள்நோக்கி இழுக்கும். நேர் மையத்தில் போட்டால் பிளேடு மடங்கிய நிலையில் கலகலவென்று ஆடும்.

1095 எஃகைச் சுமார் 800 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்த்து, உடனே 200 டிகிரியில் இரண்டு மணி நேரம் வீதம் இருமுறை டெம்பர் செய்யுங்கள் (நொறுங்காதபடி மறுபடி மிதமாகச் சூடாக்குவது). பிறகு தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, பிளேடின் இரு பக்கத்தையும் தேய்த்து மட்டமாக்குங்கள். சூட்டில் வளைந்த பிளேடை அப்படியே பூட்டினால் மடக்கும்போது ஒரு பக்க லைனரை உரசும்.

பூட்டு முகத்தை, அதாவது பிளேடில் நாக்கு வந்து முட்டும் பரப்பை, கடைசியில்தான் தீட்ட வேண்டும். பிளேடின் அடியில், பக்கவாட்டுக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 7 அல்லது 8 டிகிரி சாய்வு வையுங்கள். நாக்கு உள்ளே போகப் போக இறுகுவது இந்தச் சாய்வால்தான். 10 டிகிரியைத் தாண்டினால் அழுத்தும்போது நாக்கு வழுக்கி வெளியேறும். மிகக் குறைந்தால் ஒட்டிக்கொண்டு விடுவிக்க வராது. நாக்கு, பூட்டு முகத்தின் கீழ்ப்பகுதியைத் தொட வேண்டும், ஸ்டாப் பின்னிலிருந்து எட்ட. கிட்டே தொட்டால் மேலும் கீழும் ஆட்டம் காணும்.

நாக்கை 0.3 மி.மீ. நீளமாக விட்டு, உள்பக்கம் வளையுங்கள். பிளேடு இல்லாதபோது எதிர் லைனரைத் தொடும் அளவு போதும். பிறகு பூட்டு முகத்தைத் தேய்த்து, இரண்டு மூன்று தேய்ப்புக்கு ஒருமுறை பூட்டிப் பாருங்கள். பொறுமை இங்கேதான் வேண்டும், 0.05 மி.மீ. கூடினாலே நாக்கு கணிசமாக நகர்ந்துவிடும். நாக்கின் தடிமனில் பாதி பிளேடின்மேல் ஏறியதும் நிறுத்துங்கள். அதிகம் தேய்ந்து நாக்கு மறுகரைக்கே போய்விட்டால், பிளேடைத் தூக்கி எறிய வேண்டாம்: சற்றுத் தடித்த ஸ்டாப் பின் போட்டால் அது பின்வாங்கும். டைட்டானியம் ஒட்டிப் பிடித்தால் பென்சில் கரியைப் பூட்டு முகத்தில் தடவிப் பாருங்கள்.

சோதனையைக் கூர் போடும் முன்பே முடியுங்கள். விரித்த பிளேடின் முதுகை மரக்கட்டையில் லேசாகத் தட்டுங்கள், விரல்கள் மடங்கும் பாதைக்கு வெளியே இருக்கட்டும். நாக்கு இம்மியளவு பின்வாங்கினாலும் சாய்வை மறுபடி அளந்து பாருங்கள்.