ஏபி ஒரு சப்நெட்டில், கன்ட்ரோலர் வேறு சப்நெட்டில்: யூனிஃபையை இணைப்பது எப்படி?

பெங்களூரு அல்சூரில் மாமா நடத்தும் பிஜிக்கு (தங்கும் விடுதிக்கு) போன மாதம் வைஃபை போட்டுக் கொடுத்தேன். மாடிக்கு ஒன்றாக மூன்று யூனிஃபை ஏபி (வைஃபை கொடுக்கும் ஆக்சஸ் பாயிண்ட்); அவற்றை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் மென்பொருள் கீழே ஆபீஸ் கம்ப்யூட்டரில். மூன்றிலும் வெள்ளை விளக்கு நின்று எரிகிறது, கன்ட்ரோலர் திரையில் ஒன்றைக்கூடக் காணோம். "கேபிள் லூஸா இருக்காடா?" என்று மாமா நாலு தடவை கேட்டுவிட்டார்.

கேபிளில் ஒன்றுமில்லை. ஏபிகள் 10.16.20.0/24 சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு தனிப் பகுதியில்), கன்ட்ரோலர் வேறு சப்நெட்டில், 10.16.5.20-இல். புது ஏபி "நான் இங்கே இருக்கிறேன்" என்று கூவிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் அந்தக் கூவலை ரௌட்டர் அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தாது. ஆகவே கன்ட்ரோலரின் முகவரியை ஏபிக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். ஏபி இருக்கும் சப்நெட்டில் ஒரு லேப்டாப்பைச் செருகி, பிரவுசரில் 10.16.5.20:8080 என்று அடியுங்கள். பிழைச் செய்தி வந்தாலும் சரி, பதில் வந்தால் போதும். பிங்கை (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்க்கும் கட்டளையை) மட்டும் நம்பாதீர்கள். அடுத்த சப்நெட்டிலிருந்து வரும் பிங்கை விண்டோஸ் ஃபயர்வால் பெரும்பாலும் தடுத்துவிடும். பதிலே இல்லையென்றால் ரௌட்டர், கம்ப்யூட்டர் இரண்டின் ஃபயர்வாலிலும் டிசிபி 8080, யுடிபி 3478 இரண்டையும் திறந்துவிடுங்கள்.

அப்புறம் ஒரே ஒரு ஏபியைக் கையால் இணைத்துப் பாருங்கள். ஏபியின் ஐபிக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளை அடிக்கும் வழி) மூலம் நுழையுங்கள். புது ஏபிக்கு யூசர்நேம், பாஸ்வேர்டு இரண்டும் 'யுபிஎன்டி'தான். ஏற்கவில்லையா? முன்பு வேறு கன்ட்ரோலரோடு இருந்த ஏபியாக இருக்கலாம். ரீசெட் பட்டனைப் பத்து நொடி அழுத்துங்கள். உள்ளே போனதும் 'செட்-இன்ஃபார்ம்' என்று தட்டி, ஓர் இடம் விட்டு 'எச்டிடிபி://10.16.5.20:8080/இன்ஃபார்ம்' என்று முடியுங்கள் (எல்லாம் ஆங்கில எழுத்தில்). கன்ட்ரோலர் திரையில் ஏபி வந்ததும் அடாப்ட் (சேர்த்துக்கொள்) கொடுங்கள். பழைய ஃபர்ம்வேர் (ஏபிக்குள் இருக்கும் மென்பொருள்) என்றால் அதே கட்டளையை இன்னொரு முறை அடிக்க வேண்டியிருக்கும்.

மூன்று ஏபிக்கு இது பரவாயில்லை, முப்பதுக்கு முதுகு ஒடிந்துவிடும். அதற்குத்தான் டிஎச்சிபி ஆப்ஷன் 43: ஐபி கொடுக்கும் டிஎச்சிபியே கன்ட்ரோலரின் முகவரியையும் சேர்த்துச் சொல்லிவிடும். ஏபிகள் ஐபி வாங்கும் ஸ்கோப்பில் (அந்த சப்நெட்டுக்கான டிஎச்சிபி அமைப்பில்) மட்டும் இதைப் போடுங்கள். மதிப்பு ஹெக்ஸில் (16-இன் அடிமான எண்களில்): 01 04 0ஏ 10 05 14. 01 என்பது வகை, 04 என்பது பின்னால் வரும் பைட்டுகளின் எண்ணிக்கை. மிச்சம் நம் ஐபிதான்: 10 என்பது 0ஏ, 16 என்பது 10, 5 என்பது 05, 20 என்பது 14. மைக்ரோடிக் ரௌட்டரில் இடைவெளி இல்லாமல், முன்னால் 0எக்ஸ் சேர்த்து எழுதுங்கள். பிறகு ஏபியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சொந்த டிஎன்எஸ் (பெயரை ஐபியாக மாற்றித் தரும் சேவை) வைத்திருப்பவர்களுக்கு இன்னும் சுலபம்: 'யூனிஃபை' என்ற பெயரை (ஆங்கில எழுத்தில்) கன்ட்ரோலரின் ஐபிக்குக் காட்டினால் போதும்; புது ஏபி அந்தப் பெயரையும் தேடும்.

என்னைப் பாதி ராத்திரி வரை உட்காரவைத்தது வேறு ஒன்று. அடாப்ட் ஆன ஏபி சற்று நேரத்தில் காணாமல் போனது. ஏபிக்குள் 'இன்ஃபோ' என்று தட்டிப் பார்த்தால் கன்ட்ரோலரின் முகவரியாக அங்கே 192.168.1.7! மாமாவின் ஆபீஸ் கம்ப்யூட்டர் வைஃபையிலும் இணைந்திருந்ததால், கன்ட்ரோலர் அந்த முகவரியைத்தான் தன் முகவரியாக ஏபிக்குச் சொல்லியிருக்கிறது. கன்ட்ரோலர் செட்டிங்ஸில் 'ஓவர்ரைடு இன்ஃபார்ம் ஹோஸ்ட்' என்பதைத் தேர்ந்து 10.16.5.20 கொடுத்து, செட்-இன்ஃபார்ம் மறுபடி அடித்தேன். விளக்கு நீலத்துக்கு மாறியது. கையோடு அந்த ஐபியை அந்தக் கம்ப்யூட்டருக்கே நிலையாக ஒதுக்கியும் வைத்தேன்.