பூச்சுக்கு முன் பொருளைப் பாருங்கள்: கட்டுமானப் பொருள்களும் அவற்றுக்குரிய பாதுகாப்பும்

சுவரில் வண்ணம் உரிந்தாலும் சன்னல் கம்பியில் துரு கிளம்பினாலும் பெயின்டைக் குறை சொல்வதே வழக்கமாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் கோளாறு அதற்கு வெகு முன்பே, கலவையில் தண்ணீரைக் கூட்டிய நாளிலோ துருவைச் சுரண்டாமல் விட்ட நாளிலோ தொடங்கியிருக்கும். ஆகவே எந்தப் பூச்சை வாங்குவது என்று முடிவு செய்வதற்கு முன், அந்தப் பொருளைக் கெடுப்பது எது, அது எந்த வழியாக உள்ளே வருகிறது என்ற இரண்டையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கான்கிரீட்டிலிருந்து தொடங்குவோம். சிமென்ட் தண்ணீருடன் வினைபுரியும்போது உண்டாகும் சுண்ணாம்பு, கான்கிரீட்டின் உட்புறத்தைக் கடுமையான காரத்தன்மையுடன், பி.எச். அளவில் 12.5 அல்லது அதற்கும் மேலாக, வைத்திருக்கிறது. அந்தக் காரத்தில், கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருப்பிடிக்காமல் காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு நுண்துளைகள் வழியாக ஆண்டுக்கணக்கில் மெல்ல உள்ளே இறங்கி இந்தக் காரத்தைக் குறைக்கிறது, பி.எச். 9 அளவுக்கு இறங்கிவிட்டால் படலம் நிலைக்காது. உப்பிலுள்ள குளோரைடு இன்னும் பொல்லாதது. காரம் குறையாமல் இருக்கும்போதே அது படலத்தைத் துளைத்துவிடும். துருவாக மாறிய இரும்புக்கு முன்பு இருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் தேவைப்படுவதால், அது சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து பெயர்த்துத் தள்ளுகிறது.

இதைத் தடுப்பது முதலில் கம்பிக்கு வெளியே விடப்படும் கான்கிரீட் கனம், அதாவது கவர். தளத்துக்கு 20 மி.மீ., உத்தரத்துக்கு 25 மி.மீ., தூணுக்கு 40 மி.மீ., அஸ்திவாரத்துக்கு 50 மி.மீ. என்பது சாதாரணக் கட்டடங்களில் பரவலாகக் கையாளப்படும் அளவு. கடற்கரையை ஒட்டிய இடங்களிலும் உப்பு நிலத்திலும் இது கூடுதலாக இருக்க வேண்டும். வடிவமைத்த பொறியாளர் வரைபடத்தில் குறித்திருக்கும் அளவே இறுதியானது. கம்பியைத் தூக்கி நிறுத்தச் செங்கல் துண்டையோ கையில் அகப்பட்ட ஜல்லியையோ செருகுவதை அனுமதிக்கக் கூடாது. செங்கல் துண்டு தண்ணீரை உறிஞ்சும் பொருள். அது வைத்த இடத்தில் ஈரம் நேராகக் கம்பிக்குப் போக வழி கிடைத்துவிடுகிறது. கான்கிரீட்டுக்கு இணையான உறுதியுடன் வார்த்த கவர் பிளாக்குகளையே பயன்படுத்த வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரின் அளவு. 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டர் தண்ணீர் என்பது நடைமுறைக்கு உகந்த வரம்பு; மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் இந்தக் கணக்கில் சேரும். கலவை இளகி ஓடினால் வேலை எளிது என்பதற்காக மேலும் ஊற்றப்படும் தண்ணீர் வினையில் சேராமல் பின்னர் ஆவியாகி, போன வழியெல்லாம் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. பிற்காலத்தில் வாயுவும் உப்பும் ஈரமும் உள்ளே வருவது அந்தத் துளைகள் வழியாகத்தான். கலவை கையாளக் கடினமாக இருந்தால் அதற்கென்று உள்ள இளக்கும் ரசாயனத்தை உற்பத்தியாளர் குறித்த அளவில் சேர்க்கலாம். கூடுதல் தண்ணீருக்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். கான்கிரீட் இறுகியபின் சாதாரண சிமென்டானால் குறைந்தது 7 நாளும், அனல்மின் நிலையச் சாம்பலோ இரும்பாலைக் கசடோ கலந்த சிமென்டானால் குறைந்தது 10 நாளும் இடைவிடாமல் நீராற்ற வேண்டும். காலையில் நனைத்து நண்பகலில் காயவிட்டு மாலையில் மறுபடி நனைப்பது நீராற்றுதல் ஆகாது. ஈரச் சாக்கு போர்த்தியோ பாத்தி கட்டியோ பரப்பை எப்போதும் ஈரமாக வைத்திருக்க வேண்டும்.

மணலை இறக்கியவுடனேயே சோதித்துவிடலாம். நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடிக் குடுவையில் பாதி அளவு மணலைப் போட்டு, சிறிது உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி நன்றாகக் குலுக்கி, மூன்று மணி நேரம் அசையாமல் வைத்தால், மணல் அடியிலும் வண்டல் அதன்மேல் தனிப் படலமாகவும் படிந்துவிடும். மணல் 10 செ.மீ. உயரம் இருந்தால் வண்டல் 8 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் அந்த மணலில் போட்ட சிமென்ட் பூச்சு வெடிக்கும், பொரியும். கழுவாத கடல் மணலை எந்தக் கலவையிலும் சேர்க்கக் கூடாது.

சாதாரணச் செங்கல் ஒரு நாள் தண்ணீரில் ஊறியபின் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சியிருந்தால் அதை ஒதுக்கிவிட வேண்டும். நல்ல செங்கல்லையும் கட்டுமுன் நனைப்பது அவசியம். உலர்ந்த கல் கலவையிலுள்ள தண்ணீரைக் குடித்து அதை வலுவிழக்கச் செய்யும். காற்றடைத்த இலேசு பிளாக்குகளை மட்டும் ஊறவைக்காமல், மேற்பரப்பில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் போதும். சுவரும் கான்கிரீட் உத்தரமும் சேரும் இடங்களில் கோழிவலையை அடித்த பிறகே பூச்சுவேலை நடக்க வேண்டும். இரண்டும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால், வலை இல்லாத இணைப்பில் நேர்க்கோடாக விரிசல் ஓடும். உள்பூச்சு 12 மி.மீ. கனமும், வெளிப்பூச்சு இரண்டு கோட்டிங்காக 20 மி.மீ. கனமும் இருப்பது வழக்கம்.

சுவரில் ஓதம், அதாவது ஊறிவரும் ஈரம், தெரிந்தால் அதை மறைப்பதற்கு முன் அது வரும் திசையைக் கண்டுபிடியுங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் கிடைக்கோடாக நிற்கும். வெளிச்சுவர் விரிசல் வழியாக வருவது மழைக்குப் பின் அதிகரிக்கும். குழாய்க் கசிவு பருவம் பார்க்காமல் ஒரே இடத்தில் திட்டாக இருக்கும். அறைக்குள்ளிருக்கும் ஈரக்காற்றே குளிர்ந்த சுவரில் நீராகப் படிவதும் உண்டு. ஐயம் இருந்தால் ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டிச் சுவரில் பதித்து, மறுநாள் பார்க்கலாம். தாளின் சுவர்ப்பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை.

அறைக்குள் மட்டும் நீர்த்தடுப்புப் பூச்சைப் பூசி ஓதத்தை அடைக்க முயல்வது மிகப் பரவலான, மிக வீணான செலவு என்பது என் உறுதியான கருத்து. வெளியிலிருந்து வரும் ஈரம் பூச்சுக்குப் பின்னால் தேங்கும். அதில் கரைந்துள்ள உப்பு அங்கேயே படிகமாகி, பூச்சைக் கொப்புளமாகத் தூக்கி எறியும். மழை ஈரத்தை வெளிப்பக்கத்திலும், தரை ஈரத்தை அஸ்திவாரத்துக்கு மேலுள்ள ஓதத்தடுப்புப் படையிலும், கசிவைக் குழாயிலும்தான் நிறுத்த வேண்டும். சுவரில் ஏற்கெனவே பூத்திருக்கும் வெள்ளை உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் அது கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும்.

புதுச் சிமென்ட் பூச்சின் மேல் வண்ணம் அடிக்கக் குறைந்தது 28 நாளாவது காத்திருக்க வேண்டும். ஈரமும் காரமும் அடங்காத சுவரில் எண்ணெய் அடிப்படையிலான எனாமலைப் பூசினால், காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றி, பிசுபிசுப்பாகக் கழன்று வரச்செய்யும். சுவருக்குத் தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் எமல்ஷன் பொருத்தமானது. அது மழைநீரைத் தடுத்தாலும் சுவரிலுள்ள நீராவி வெளியேற ஓரளவு இடம் தருகிறது. பழைய சுவரானால் உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் வெள்ளைப் பொடி ஒட்டினால், அந்தப் பொடி முழுவதும் போகும்வரை உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, காரம் தாங்கும் ப்ரைமர், அதாவது அடிப்பூச்சு, அடித்த பிறகே அடுத்த வேலை. வெளிச்சுவரில், பரப்பைச் சமப்படுத்தும் பட்டியை (putty) கனமாக இழுப்பதைத் தவிருங்கள். மயிரிழை விரிசல்களை மூட நெகிழும் தன்மையுள்ள பூச்சு உதவும். அகன்றுகொண்டே போகும் விரிசலுக்கு எந்தப் பூச்சும் மருந்தாகாது, பொறியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

மேல்தளத்தில் வாட்டம், அதாவது நீர் வடிந்தோடும் சரிவுதான், முதல் நீர்த்தடுப்பு. நூறுக்கு ஒன்று என்ற அளவாவது சரிவு இல்லாவிட்டால் எந்தப் பூச்சும் தேங்கிய நீரில் மூழ்கியே கிடக்கும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையைக் கலவையால் சரிவாக உருட்டி, நீர்த்தடுப்புப் பூச்சைச் சுவரின்மேலும் ஒரு சாண் ஏற்றிப் பூசுங்கள். பூச்சு நன்கு இறுகியபின் வடிகுழாய்களை அடைத்துத் தண்ணீர் தேக்கி, இரண்டு நாள் கீழ்ப்பக்கத்தைக் கவனித்துவிட்டுத்தான் ஓடு பதிக்க வேண்டும்.

இரும்பைப் பொறுத்தவரை பாதி வேலை தேய்ப்பதில் இருக்கிறது. உதிரும் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் நீக்கி, கம்பி பிரஷ், உப்புத்தாள் இரண்டாலும் தேய்த்து, அன்றைக்கே ப்ரைமர் அடித்துவிட வேண்டும். ஓர் இரவு விட்டாலும் ஈரக்காற்றில் புதுத் துரு படரும். ரெட் ஆக்சைடு ப்ரைமர் மட்டும் அடித்த கம்பியை மழையில் மாதக்கணக்கில் விடக் கூடாது. அது அடிப்பூச்சுதான், மேலே எனாமல் வரும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. கூரிய விளிம்புகளிலும் வெல்டிங் இணைப்புகளிலும் பெயின்ட் இழுபட்டு மெலிந்துவிடுவதால், அவற்றுக்கு மட்டும் முதலில் ஒரு கோட்டிங் தனியாகக் கொடுத்துவிட்டுப் பிறகு முழுப் பரப்புக்கும் அடியுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டில் சாதாரண எனாமல் நேரடியாக ஒட்டி நிற்காது. அதற்கென்றே உள்ள ப்ரைமர் வேண்டும்.

அலுமினியச் சன்னல்களை ஈரச் சிமென்ட் படாமல் பிளாஸ்டிக் தாளால் மூடிவையுங்கள், காரம் பட்ட கறை போகாது. பளிங்கையும் சுண்ணாம்புக்கல்லையும் அமிலம் ஊற்றிக் கழுவவே கூடாது.

மரம் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும் பொருள். உலராத பச்சை மரத்தின் மேல் வார்னிஷ் அடித்தால் அது உலரும்போது பூச்சு வெடிக்கும். மரத்தின் வெட்டுமுனை, பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். அதனால்தான் கதவு பெரும்பாலும் கீழ் விளிம்பிலிருந்து கெடத் தொடங்குகிறது. மாட்டுவதற்கு முன்பே மேல், கீழ் விளிம்புகளுக்கும் பூச்சு கொடுத்துவிட வேண்டும். கதவு நிலையின் சுவர்ப்பக்கத்துக்குக் கரையான் மருந்தும் ப்ரைமரும் நிறுத்துமுன்தான் அடிக்க முடியும், பிறகு அங்கே பிரஷ் போகாது. வெயில் படும் இடத்தில் நிறமற்ற வார்னிஷ் வழியாகப் புற ஊதாக் கதிர் உள்ளே சென்று மரத்தின் மேல்நாரைச் சிதைப்பதால், அங்கே நிறமி கலந்த பூச்சே நீடிக்கும். வெளிக்கதவின்மேல் அவ்வப்போது சில துளி தண்ணீர் தெளித்துப் பாருங்கள். துளி உருண்டு நிற்காமல் பரவி மரம் கறுத்தால், உரியும்வரை காத்திராமல் இலேசாகத் தேய்த்து ஒரு கோட்டிங் அடித்துவிடலாம்.