கைக்குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து கொடுக்கும் முறை

ஆறு மாதத்துக்கு மேல் தாய்ப்பாலில் உள்ள இரும்பு மட்டும் போதாது. மூளையில் நரம்பு உறை வளர இரும்பு தேவை. அந்த வயதில் ஏற்படும் குறை, பின்னாளில் கவனக்குறைவாகவும் படிப்பில் மந்தமாகவும் தெரியலாம். ரத்தசோகை நீங்கிய பிறகும் அந்தப் பாதிப்பு முழுவதும் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. அதனால் முன்கூட்டியே கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

அரசுத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயது வரை வாரம் இருமுறை 1 மி.லி. (20 மி.கி. இரும்பு). பாட்டிலைக் குலுக்கி, அளவுக்குழாயில் எடுத்து, கன்னத்தின் உட்பக்கமாக மெல்ல விடுங்கள். நாக்கின் நுனியில் விட்டால் துப்பிவிடும், பல்லிலும் கறை படியும். பாலோடு கலக்காதீர்கள்; இரும்பு சரியாக உடலில் சேராது. பிறகு இரண்டு வாய் எலுமிச்சைச் சாறு கலந்த பருப்புச் சோறு நல்லது.

மலம் கறுத்தால் பயப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள், அது இயல்புதான். காய்ச்சல், வயிற்றுப்போக்கின்போது மட்டும் நிறுத்திவைத்து, குணமானதும் தொடரலாம். தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்த நோய்), கடும் எடைக்குறைவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

ஒரு வயதுக்கு மேல் தினமும் அரை லிட்டருக்கு அதிகமாகப் பசும்பால் குடிக்கும் குழந்தைக்குச் சோறு இறங்காது, இரும்பும் குறையும். டீ கூடவே கூடாது. மருந்துப் பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். மொத்தமாகக் குடித்தால் விஷம்.