கச்சேரிக்கு முன் காபி: எங்கே தப்பு செய்கிறோம்?

சில வருடங்களுக்கு முன் ஒரு மார்கழியில், மாலை நாலு மணிக் கச்சேரிக்குப் பக்கவாத்தியமாக வயலின் வாசிக்கப் போயிருந்தேன். மதியம் சரியாகச் சாப்பிடவில்லை. கேன்டீனில் ஒரு காபி. பாடகர் வந்ததும் அவரோடு இன்னொன்று. மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது யாரோ அன்பாக நீட்டிய மூன்றாவது டம்ளரை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

முதல் உருப்படியான வர்ணம் எப்படியோ ஓடிவிட்டது. கல்யாணி ராகத்தின் ஆலாபனையில் (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது) என் முறை வந்தது. மேல் ஷட்ஜத்தில் (மேல் 'ஸ'வில்) நீளமாகக் கார்வை கொடுக்கலாம், அதாவது அந்த ஒரே ஸ்வரத்தில் நிற்கலாம் என்று வில்லை மெதுவாக இழுத்தேன். வில் நடுங்கியது. முன்வரிசையில் யாராவது அதைக் கமகம் (ஸ்வரத்தை வேண்டுமென்றே அசைப்பது) என்று நினைத்திருந்தால் அது என் அதிர்ஷ்டம். கல்பனாஸ்வரத்தில் (தாளத்துக்குள் அங்கேயே கற்பனையாக வாசிக்கும் ஸ்வரங்கள்) வேறு தொல்லை: தாளத்தைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். என்னைவிட இருபது வயது மூத்த மிருதங்கக்காரர் கச்சேரி முடிந்ததும், "ஏம்ப்பா, ரயிலுக்கு நேரமாச்சுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார்.

அதற்காக நான் காபியை விடவில்லை. யாரையும் விடச் சொல்லியும் இதை எழுதவில்லை. எப்போது, எவ்வளவு, எந்த வேலைக்கு முன்னால் என்பதில்தான் நாம் சறுக்குகிறோம்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். அது தனக்குரிய இடங்களில் போய் உட்கார்ந்தால் நமக்கு அசதியும் தூக்கமும் வரும். பஸ் சீட்டில் முன்னாலேயே துண்டு போட்டு இடம் பிடிப்பது போல, காஃபீன் அந்த இடங்களைப் பிடித்துக்கொள்கிறது. அடினோசின் பஸ்ஸை விட்டு இறங்கிவிடவில்லை, நின்றுகொண்டே வருகிறது, அவ்வளவுதான். ஆக, காபி புதிதாகத் தெம்பு எதையும் தருவதில்லை. அசதி தெரியாமல் மறைக்கிறது. அதோடு, பழக்கமில்லாத உடம்பில் அட்ரினலினையும் ஏற்றிவிடுகிறது. இந்தக் கடைசி விஷயம்தான் மேடைக்காரர்களுக்கு முக்கியம்.

வீட்டில் உதவியது மேடையிலும் உதவும் என்று நினைப்பது

எனக்குத் தெரிந்து இதுதான் தவறுகளில் முதலாவது. மற்றவை பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைப்பவை.

1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் எலிகளை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். தூண்டுதல் கூடக் கூட எலி வேகமாகக் கற்றுக்கொண்டது. ஆனால் வேலை கடினமாக இருந்தபோது, ஓர் அளவுக்கு மேல் தூண்டுதல் போனதும் கற்பது கெட்டுப்போனது. கோடாக வரைந்தால் ஒரு மலை மாதிரி ஏறி இறங்கும். எலியிலிருந்து வித்வானுக்குத் தாவுவது கொஞ்சம் நீளமான தாவல்தான். ஆனாலும் மேடை ஏறிய யாருக்கும் இந்தக் கதை புரியும்.

விடிகாலை ஐந்து மணி, வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள், தம்புரா மட்டும் ஓடுகிறது. அப்போது நாம் அந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறோம்; ஒரு டம்ளர் காபி மேலே ஏற்றிவிடும். கச்சேரி மேடையிலோ, திரை விலகும் முன்பே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். அங்கே ஏற்கெனவே உச்சியில் நிற்கிறோம். அதே டம்ளர் அங்கே மறுபக்கம் தள்ளிவிடும்.

கை நடுக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா மனிதருடைய கையிலும் நொடிக்கு 8 முதல் 12 தடவை வரை ஒரு மெல்லிய நடுக்கம் எப்போதும் உண்டு. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. அட்ரினலினும் காஃபீனும் அதைப் பெரிதாக்கும், இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வயலின் வில் நீளமான குச்சி என்பதால் விரலில் துளியாக இருக்கும் நடுக்கம் முனையில் ஆட்டமாகவே தெரியும். வேகமான ஸ்வரக்கோவையில் அது மறைந்துவிடும். மெதுவான கார்வையில் மறைய இடமில்லை. புல்லாங்குழலுக்கு உதடும் மூச்சும் இதே கதை. மிருதங்கத்தில் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் அங்கே காலப்பிரமாணம் (தாளத்தின் சீரான வேகம்) கைநழுவும்.

கடைசி நிமிட டம்ளர்

குடித்த காஃபீன் ரத்தத்தில் உச்சத்துக்கு வரப் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். வயிறு நிறைந்திருந்தால் இன்னும் தாமதமாகலாம். ஆறரை மணிக் கச்சேரிக்கு ஆறு இருபதுக்குக் குடித்தால் என்ன ஆகும்? மேடைப் படபடப்பு முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில்தான் அதிகம். வர்ணம் முடிந்து, சரி, பதற்றம் அடங்கியது என்று மூச்சு விடும்போது காபி வந்து கதவைத் தட்டும். இரண்டாவது ராகம் தொடங்கும்போது மறுபடி படபடப்பு. காரணம் புரியாது. நமக்கு இன்று என்னவோ ஆகிவிட்டது என்று மனம் பயந்துகொள்ளும், அந்தப் பயமே இன்னும் கொஞ்சம் அட்ரினலினைக் கொண்டுவரும்.

குடித்தே ஆக வேண்டும் என்றால் ஒன்றரை மணி நேரம் முன்னால், கூடவே இரண்டு இட்லியோ கொஞ்சம் தயிர் சாதமோ சாப்பிட்டுவிட்டு. வெறும் வயிற்றுக் காபி எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதைக் கல்யாணியில் தெரிந்துகொண்டேன்.

கர்நாடக சங்கீதக்காரர்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மேல்நாட்டு இசை நிகழ்ச்சிகளில் பொதுவாக நடுவில் இடைவேளை விடுவார்கள். நமக்கு இரண்டரை மணி நேரம் சப்பணமிட்டு உட்கார்ந்தால் எழுந்திருக்க வழியில்லை. மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தின்போது ரசிகர் எழுந்து கேன்டீனுக்குப் போகலாம். பாடகர் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். காபி சிறுநீரைத் தூண்டும். இதைப் பற்றி யாரும் மேடையில் பேசுவதில்லை, கிரீன் ரூமில் எல்லோரும் பேசுவார்கள்.

டம்ளரை எண்ணுவது, காஃபீனை எண்ணாமல் இருப்பது

"நான் ஒரு காபிதான் குடித்தேன்" என்பதற்கு அர்த்தம் கிடையாது. அராபிகா கொட்டையைவிட ரொபஸ்டாவில் ஏறக்குறைய இரண்டு மடங்கு காஃபீன் இருக்கும். சிக்கரியில் காஃபீனே இல்லை. ஆனால் நிறத்தையும் கெட்டித்தன்மையையும் அதுதான் கூட்டுகிறது. நம் நாட்டு விதிப்படி காபித்தூளில் சிக்கரி 49 சதவீதம் வரை கலக்கலாம். அதனால் கறுப்பாக, கெட்டியாக இருக்கும் டிகாக்ஷன் 'ஸ்ட்ராங்' என்று நாக்கு சொல்லும், நரம்பு அப்படிச் சொல்லாமல் போகலாம். நேர்மாறாகவும் நடக்கும். வீட்டில் இரண்டாம் டிகாக்ஷனில் குடித்துப் பழகியவர் வெளியில் முதல் டிகாக்ஷனில் ஒன்று அடித்தால் அளவு எங்கோ போய்விடும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-ல் சொன்ன கணக்கு: ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமாக 400 மில்லிகிராம் வரை, ஒரே வேளையில் 200 மில்லிகிராம் வரை கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கு நாள் முழுவதற்கும் 200. குழந்தைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். ஆனால் இது உடம்புக்குக் கெடுதல் வராத அளவு. வில் நடுங்காத அளவு அதைவிடக் குறைவாக இருக்கலாம், ஆளுக்கு ஆள் மாறும். போட்டிக்குப் போகும் பத்து வயதுப் பிள்ளைக்கு 'தூங்கி வழியக் கூடாது' என்று காபி கொடுத்து அனுப்பும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைக்குத் தூக்கம் வரவில்லை, சாகித்யமும் (பாட்டின் வரிகளும்) வரவில்லை.

சில தலைவலி மாத்திரைகளிலும் சளி மாத்திரைகளிலும் காஃபீன் சேர்ந்திருக்கும், அட்டையைப் பாருங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாதிரி சில மருந்துகள் காஃபீன் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். மேடைப் படபடப்புக்கென்று டாக்டர் யோசனையோடு பீட்டா பிளாக்கர் (அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் மாத்திரை) எடுத்துக்கொள்ளும் கலைஞர்கள் உண்டு. அதை விழுங்கிவிட்டு மேலே இரண்டு காபி குடிப்பது வண்டியில் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் ஒன்றாக மிதிக்கிற வேலை.

கச்சேரி நாளன்று மட்டும் ஞானோதயம்

இதுவரை படித்துவிட்டு, நாளைக் கச்சேரிக்குக் காபியே கூடாது என்று முடிவு செய்தால் அது அடுத்த தவறு. தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கடைசி டம்ளருக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி, மந்தம், எரிச்சல் தொடங்கும். ஏகாதசி விரதத்தன்று காபியையும் சேர்த்து விடுகிறவர்களுக்கு மத்தியானம் மண்டையைப் பிளக்கும். பசி என்று நினைத்துக்கொள்வோம், பல நேரம் காபி நின்றதும் ஒரு காரணம். இந்த நிலையில் நிரவலுக்கு (ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடுவதற்கு) கற்பனை எங்கே ஓடும்?

எதிர்த்திசைக்காரரும் உண்டு. எப்போதும் குடிக்காதவர், இன்று முக்கியமான மேடை என்று ஒன்றை எடுத்துக்கொள்வார். பழக்கமில்லாத உடம்பில்தான் அட்ரினலின் ஏற்றமும் நடுக்கமும் அதிகம். கச்சேரி நாள் பரிசோதனைக்கான நாள் இல்லை. குறைக்க வேண்டுமானால் இரண்டு மூன்று வாரத்துக்கு முன்பே அரை டம்ளராகக் குறைத்துக்கொண்டு வரலாம்.

சாதகத்தில் (பயிற்சியில்) நடக்கும் தவறுகள்

முதலாவது, மெதுவாகச் செய்ய வேண்டியதற்கு முன் காபி. முதல் காலத்தில் (மிக மெதுவான வேகத்தில்) வரிசையை நிதானமாக வாசிக்க உட்கார்ந்தால், பத்தாவது நிமிடம் அது ஒன்றரைக் காலமாக ஆகியிருக்கும். நமக்குத் தெரியாது, பிரமாதமாகப் போகிறது என்றே தோன்றும். நான் ஒரே வர்ணத்தை ஒருநாள் காபி குடித்து ஒரு மணி நேரத்திலும், இன்னொரு நாள் காபியைச் சாதகத்துக்குப் பிறகு தள்ளிப்போட்டும் வாசித்து, போனில் பதிவுசெய்து, ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். காபிப் பதிவில் சரணத்துக்கு வரும்போது ஓட்டம் தெரிந்தது. வாசித்த அன்று அதுதான் நன்றாக வந்ததாக நினைத்திருந்தேன். நீங்களும் செய்து பாருங்கள். பதிவின் பெயரில் எது எந்த நாள் என்று எழுதாதீர்கள், காது பாரபட்சம் காட்டிவிடும்.

இரண்டாவது, வலி. காஃபீன் தசை வலியையும் சோர்வையும் குறைத்துக் காட்டும். விளையாட்டு வீரர்கள் அதற்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். மணிக்கட்டும் தோளும் 'போதும்' என்று சொல்வது காதில் விழாமல் மூன்றாவது மணி நேரமும் மிருதங்கமோ வீணையோ வாசித்தால், பில் அடுத்த வாரம் வரும். காபி குடித்தால் அலாரம் வைத்து நாற்பது நிமிடத்துக்கு ஒரு தடவை கையை இறக்குங்கள்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் உறைத்தது. 2002-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்ததும், கூடுதல் பயிற்சி எதுவும் இல்லாமலே, சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். விரல் கற்றதை மூளை தூக்கத்தில்தான் கெட்டிப்படுத்துகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். காஃபீனின் அளவு பாதியாகக் குறைய சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். ஏழு மணிக்கு ஒரு காபி குடித்துவிட்டுப் புதுப் பல்லவியைப் பிடித்தால் நள்ளிரவு பன்னிரண்டுக்கும் பாதி காபி உள்ளே இருக்கும். 2013-ல் வந்த இன்னொரு ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்னால் 400 மில்லிகிராம் எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தூக்கம் குறைந்தது. அது பெரிய அளவுதான், இருந்தாலும் திசை புரிகிறது. ராத்திரி சாதகத்துக்காகக் குடித்த காபி, அந்தச் சாதகம் உள்ளே இறங்க வேண்டிய தூக்கத்தையே தின்றுவிடுகிறது.

குரல் பற்றி கொஞ்சம்

காபி உடம்பை வறட்டிவிடும், குரல் கட்டிவிடும் என்று பாடகர்களிடம் ஒரு பயம் உண்டு. தினமும் குடிப்பவர் அளவாகக் குடித்தால் உடம்பில் நீர் குறைவதில்லை. மேடையில் வாய் உலர்வதற்குப் பெரும்பாலும் பதற்றமே காரணம். பால் சேர்த்த காபி தொண்டையில் படிவது போலத் தோன்றும். சளி கூடிவிடவில்லை, பாலும் உமிழ்நீரும் கலந்த படலம்தான் அது; வெந்நீர் நாலு மடக்குக் குடித்தால் போய்விடும்.

உண்மையில் பயப்பட வேண்டியது, சிலருக்குக் காபியால் மேலேறி வரும் வயிற்று அமிலத்துக்கு. நெஞ்செரிச்சல் இல்லாமலும் அது குரல்நாண் வரை எட்டிப் பார்க்கும். காலையில் குரல் கரகரப்பு, அடிக்கடி தொண்டையைச் செருமுவது, ஏதோ அடைத்த மாதிரி இருப்பது, இவை தொடர்ந்தால் கற்கண்டையும் மிளகையும் மாற்றிமாற்றிச் சுவைக்காமல் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மேடையில் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்க்கில் காபி வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தால் அதில் வெந்நீருக்கு மாறிப் பாருங்கள்.

இப்போது என் வழக்கம் இது: ஆறரை மணிக் கச்சேரி என்றால் ஐந்து மணிக்கு அரை டம்ளர், டிபனோடு. அப்புறம் யார் எவ்வளவு அன்பாக நீட்டினாலும் "முடிச்சுட்டு வந்து குடிக்கிறேன்" என்று சொல்லிவிடுவேன். முடித்துவிட்டுப் போகும்போது ஒன்பதரை ஆகியிருக்கும், கேன்டீனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்துக் காபியும் தப்புதான் என்பதால் நான் அதிகம் வருத்தப்படுவதில்லை.